என் முதல் வாசகிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பெரிய மனிதனாக இருந்தேன். சரியாகச் சொன்னால், மாலை நாலரையிலிருந்து ஆறு மணி வரை.

மைசூரில் எங்கள் பகுதித் தமிழர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு கூட்டம் போடுகிறார்கள். இந்த மாதம் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். என்னைக் கூப்பிட்டார்கள். தலைப்பு - 'சிறுகதை எழுதுவதும் திருத்துவதும்'. எனக்கென்ன, தொண்டை நன்றாகத்தானே இருக்கிறது? ஒப்புக்கொண்டேன்.

முதல் டிராஃப்டைத் திரும்பிப் பார்க்காமல் எழுதி முடியுங்கள் என்றேன். முடித்ததும் ஒரு வாரம் பீரோவில் போட்டுப் பூட்டுங்கள் என்றேன். அப்புறம் வெளியே எடுத்து, உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் எழுதிய கதை என்று நினைத்துக்கொண்டு படியுங்கள் என்றேன். முன்வரிசையில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்தார். அதைப் பார்த்த உற்சாகத்தில் கால் மணி நேரம் கூடுதலாகப் பேசினேன்.

முடிவில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "சார், உங்க கதையை முதல்ல படிக்கறது யாரு?"

"என் மனசாட்சி" என்றேன்.

கைதட்டல்! மூன்றாவது வரிசையில் என் மனைவி ஜெயா மட்டும் கைதட்டவில்லை. இருமினாள். அவளுக்கு இருமல் கிடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்க மனசாட்சிக்குத் தமிழ் படிக்க வராதுன்னும் சேத்து சொல்லியிருக்கலாம் அல்லவா?"

ஆக, கூட்டத்தில் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் முப்பது பேர்தான் இருந்தார்கள். இங்கே எத்தனை பேர் என்று தெரியாததால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

ஜெயா தமிழ்ப் பெண்தான். அவளுடைய அப்பாவும் என் அப்பாவைப் போலவே ரயில்வே உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், படித்தது முழுக்கக் கன்னட மீடியம். எனக்கு மட்டும் அப்பா சாயங்காலங்களில் காதைத் திருகித் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவளுடைய அப்பாவுக்கு அவ்வளவு கொடூரம் வரவில்லை. நமக்குக் கன்னட எழுத்து ஜிலேபி என்றால் அவளுக்குத் தமிழ் எழுத்து முறுக்கு. தடித் தடியான கன்னட நாவல்களை இரண்டே நாளில் முடித்துவிடுகிற பெண், தன் கணவனின் ஒரு பக்கத்தைக்கூடப் படித்ததில்லை. என்ன செய்வது? நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

நான் கதை எழுத ஆரம்பித்தது எங்கள் மாநிலத்தின் பெயர் மாறிய புதிதில். எனக்கு மாநில அரசு ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஒரே நாளில் நாங்கள் எல்லாரும் மைசூர் ராஜ்யத்திலிருந்து கர்நாடகத்துக்கு வந்துவிட்டோம் - நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே. பழைய பெயர் அச்சடித்த லெட்டர் பேப்பர் கட்டுக்கட்டாக மிஞ்சியது. கொஞ்ச நாள் பேனாவால் பெயரை அடித்து எழுதினோம். அப்புறம், வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார் சூப்பிரண்டெண்டண்ட். நான் வேண்டுமென்கிறவன். பின்பக்கம் காலியாக இருக்கும் வழவழப்பான காகிதம் இவ்வளவு கிடைத்தால் யார்தான் எழுத்தாளர் ஆகமாட்டார்?

முதல் ஏழு கதைகளை நானே எழுதி, நானே ரசித்து, நானே அனுப்பினேன். ஏழும் போன வேகத்தில் திரும்பின. அதில் ஒன்றில் கதாநாயகியின் கண்களுக்கு மட்டும் பன்னிரண்டு வரி. அவள் பெயர் என்ன என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

எட்டாவது கதையை ஜெயாவுக்கு வாசித்துக் காட்டினேன். மார்கழி மாதம். இந்த ஊரில் மார்கழி என்றால் எல்லா வீட்டிலும் அவரைக்காய்தான். கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்து, அந்தப் பிதுக்குப் பருப்பில் குழம்பு. ஆபீஸ் விட்டு வந்து காபி குடித்ததும் நான் காகிதத்தோடு உட்காருவேன். அவள் பருப்போடு உட்காருவாள்.

கதை போரடித்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். பிதுக்குகிற வேகம் ஏறும். டப், டப், டப் என்று கொட்டைகள் பாத்திரத்தில் விழும். கதை நன்றாகப் போனால் விரல் நின்றுவிடும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் பெரும்பாலும் வேகமாகவே சமையல் ஆயிற்று.

டப் டப் கேட்டால் எனக்கு வியர்க்கும். அடுத்த பாராவைப் படிக்காமல் தாவிவிடுவேன். 'கீழ்வானம் செம்மை பூத்தது' என்று ஆரம்பித்தால் அதை விட்டுவிட்டு, 'கதவைத் தட்டினான்' என்கிற இடத்துக்கு நேரே போய்விடுவேன். சில இடத்தில் "யாரு சொன்னது இது, அவனா அவளா?" என்று கேட்பாள். சில இடத்தில் நானே காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "அதாவது என்னன்னா..." என்று விளக்கம் கொடுப்பேன்.

மெல்ல மெல்ல இதையே ஒரு முறையாக்கிக்கொண்டேன். வாய் தாவிய பாராவை மறுநாள் காலையில் அடித்துவிடுவேன். யார் சொன்னது என்று அவள் கேட்ட இடத்தில் பெயரைப் போடுவேன். 'அதாவது' என்று நான் விளக்கியதைக் கதைக்குள் எழுதிவிட்டு, விளக்கம் தேவைப்பட்ட பழைய வரியைத் தூக்கிவிடுவேன். எட்டாவது கதை அச்சில் வந்தது. ஒன்பதாவதும் வந்தது. எனக்குத் தலைக்கனமும் வந்தது.

பத்தாவது கதைக்கு விஷயம் தேடிக்கொண்டிருந்தபோது என் சொந்த வீட்டிலேயே ஒன்று அகப்பட்டது.

கல்யாணத்துக்கு முன்பே ஜெயா டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தாள். எங்கள் பெண் பிறந்து ஒரு வயது ஆனபோது அவளுக்கு ஆர்டர் வந்தது. ஹனூரில் சர்க்கார் பள்ளிக்கூடம். மைசூரிலிருந்து கொள்ளேகால் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். தினம் போய்வருகிற தூரம் இல்லை, அங்கேயே தங்க வேண்டும். அவள் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கதையிலும் ஒரு டீச்சர், ஒரு ஆர்டர். கணவன் மகா உத்தமன். "போய் வா, உன் திறமை வீணாகக் கூடாது" என்று கண்கலங்கச் சொல்கிறான். அவளோ ஆர்டரைச் சுக்குநூறாகக் கிழித்து, "உங்கள் நிழலை விடவா ஒரு வேலை?" என்று கதறிக்கொண்டு அவன் காலில் விழுகிறாள். தலைப்பில் 'தியாகம்' என்று ஒரு சொல் இருந்தது. யாருடைய தியாகம் என்று இப்போது கேட்காதீர்கள்.

இதை ஜெயாவுக்கு எப்படி வாசிப்பது? அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. வாசிக்கும்போதே மாற்றினேன். டீச்சரை நர்ஸ் ஆக்கினேன். ஹனூரைச் சேலம் ஆக்கினேன். கடைசியில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதாகக் காகிதத்தில் இல்லாத முடிவை வாயாலேயே கட்டினேன். ஜெயாவின் விரல் நின்றுவிட்டது. "நல்லாருக்குங்க. நிஜவாகலும் நல்லாருக்கு" என்று கன்னடம் கலந்து சொன்னாள்.

நான் அனுப்பியது காகிதத்தில் இருந்த கதையை. அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே!

கதை வந்தது. கூடவே ஒரு பக்கம் முழுக்கப் படமும் வந்தது. நான் இதை எதிர்பார்க்கவில்லை. படத்தில் ஒரு மீசைக்காரன் நிமிர்ந்து நிற்கிறான். அவன் காலடியில் ஒரு பெண் குப்புற விழுந்து கிடக்கிறாள். சுற்றிலும் கிழிந்த காகிதம். எழுத்து தெரியாவிட்டால் என்ன, படம் எல்லாருக்கும் தெரியுமே?

"நர்ஸ் எதுக்கு இவன் கால்ல விழறா?" என்று கேட்டாள் ஜெயா.

"அது... ஆர்ட்டிஸ்ட் கதையைச் சரியாப் படிக்காம வரைஞ்சுட்டார்."

அவள் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே மரகதக்கா இருக்கிறார். கொள்ளேகால் பக்கத்துக்காரர், என் கதை என்றால் உயிர். பத்திரிகையை எழுத்தெண்ணிப் படிப்பவர். நான் வாசலில் நின்று எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கதையைப் படிக்க எத்தனை நேரம் ஆகும்? இருபது நிமிஷம்? ஜெயா ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

கத்தவில்லை. தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"மரகதக்கா ரெண்டு தடவை படிச்சாங்க. ரெண்டு தடவையும் நான் உங்க கால்ல விழுந்தேன்."

"ஜெயா, அது கற்பனை..."

"நான் எப்போ விழுந்தேன்? சொல்லுங்க. எப்போ அழுதேன்?"

உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். அந்த ஆர்டர்! மைசூர் ராஜ்யத்து முத்திரையோடு, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"கிழிக்கல. பாத்துக்கோங்க."

எட்டு வருஷமாக அந்தப் பெட்டி என் கட்டிலுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. அதற்கு மேலே உட்கார்ந்துகொண்டுதான் அவள் அதைக் கிழித்ததாக எழுதினேன்.

"ஹனூர்ல சித்தப்பா வீடு இருந்துச்சு. குழந்தையைச் சித்தி பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தாங்க. ரெண்டு வருஷம் இருந்தா ஆமேல மைசூருக்கே டிரான்ஸ்பர் கேக்கலாம். எல்லாம் விசாரிச்சு வச்சிருந்தேன். நீங்க ஏதாவது கேட்டா சொல்லலாம்னு."

"நான்தான் உன் இஷ்டம்னு சொன்னேனே..."

"சொன்னீங்க. சொல்லிட்டே லெட்டர் எழுதினீங்க."

அதை நான் மறந்திருந்தேன். இல்லை, மறந்திருந்தேன் என்று எழுதினால் அதுவும் கதை விடுவதுதான். வசதியாக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஆர்டர் வந்த அன்று மாலையே, அவள் பெயரில், நல்ல ஆபீஸ் கன்னடத்தில் நான்தான் பதில் எழுதினேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பணியில் சேர இயலாமைக்கு வருந்துகிறேன்.' எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, பேனாவின் மூடியையும் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். அவள் போட்டாள்.

"கதைன்னா பத்து தடவை அடிச்சு அடிச்சு எழுதறீங்க. அந்த லெட்டரை ஒரே தடவையில எழுதினீங்க. ஒரு அடித்தல்கூட இல்ல. அழகா இருந்துச்சு."

கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம் முந்திக்கொள்ளும். "இனிமே எனக்குப் படிச்சுக் காட்டறது பேட" என்றாள். பேட என்றால் வேண்டாம். அந்த ஒரு சொல்லோடு என் முதல் வாசகி எழுந்து போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, இனி இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் அவள் நம்புவாளா என்று.

அப்புறம் பல மாதங்கள் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். வாசித்துக் காட்ட ஆள் இல்லை. சுவரைப் பார்த்து வாசித்தேன். சுவர் பிதுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. மரகதக்காவிடம் போனேன். அவர் முதல் வரியிலேயே, "அருமைங்க சார்! எப்பிடித்தான் எழுதறீங்களோ, போங்க!" என்றார். இரண்டாவது பக்கத்துக்குப் பதில் நாலாவது பக்கத்தைத் தவறுதலாக வாசித்துவிட்டேன். அப்போதும் "அருமைங்க சார்" என்றார். அவருடைய அன்பை நம்பி அனுப்பிய மூன்று கதைகளும் திரும்பின. உங்கள் கதையைக் கேட்டுவிட்டு உடனே பாராட்டுகிறவருக்கு நல்ல காபி கொடுங்கள். கதையைக் கொடுக்காதீர்கள்.

நடுவில் அந்தத் தியாகக் கதையைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் தடவை அவள் காலில் விழுவதை மட்டும் எடுத்தேன். கணவன் அப்படியே மீசையோடு நின்றான். அடுத்த தடவை ஆர்டரைக் கிழிக்காமல் விட்டேன். அப்போதும் அவன் "போய் வா" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தான். மூன்றாவது தடவை பழியை மாமியார் மேல் போட்டேன். என் அம்மா ஆர்டர் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே போய்ச் சேர்ந்தவள், பாவம். எத்தனை அடித்தும் அந்தக் கணவனின் வசனத்தில் மட்டும் பேனா போகவே மாட்டேன் என்றது. திருத்துவது என்று நான் இத்தனை நாள் செய்துகொண்டிருந்தது இதைத்தான். அடுத்தவர் வரிகளை அடிப்பது, என் வரியைக் காப்பாற்றுவது.

கடைசியில் ஒருநாள் எழுதினேன். 'உன் இஷ்டம் என்றான். அப்படிச் சொல்லும்போதே பேனாவின் மூடியைக் கழற்றினான்.' எழுதியதும் கை நின்றுவிட்டது. இரண்டு வரி. பன்னிரண்டு வரிக் கண் எழுதியவனுக்கு இரண்டு வரி எழுத ஒரு வருஷம் ஆயிற்று.

மறுபடி மார்கழி. ஜெயா சமையலறையில் தரையில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள். அனுமதி கேட்டால் 'பேட' வரும் என்று தெரியும். வாசற்படியில் நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தேன். டப், டப் என்று விழுந்துகொண்டே இருந்தது. நான் ஒரு வரியையும் தாவவில்லை, ஒன்றையும் மாற்றவில்லை. பேனா மூடி வந்த இடத்தில் சத்தம் நின்றது. முடித்தேன்.

"காகிதத்துல இருக்கறதா இது? இல்ல வாயில இருக்கறதா?"

"காகிதத்துல. மரகதக்காவைக் கூப்பிடு வேணும்னா."

கூப்பிடவே கூப்பிட்டாள்! அக்கா என் காகிதத்தை வாங்கி, விரல் வைத்து முழுக்கப் படித்தார். முதல் தடவையாக 'அருமை' சொல்லவில்லை. "ஏனுங்க சார்... இந்தாளு இப்பிடிப் பண்ணியிருக்க வேண்டாமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறதென்று போய்விட்டார்.

ஜெயா பருப்புப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு இடம் தப்பு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அவ யோசிச்சான்னு இருக்கு. யோசிக்கல. பயந்தா. போறேன்னு சொன்னா உங்க மூஞ்சி எப்படி மாறும்னு பயந்தா. அத எழுதுங்க."

எழுதினேன். எழுதும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அதைக் கதையில் சேர்க்கவில்லை.

அந்தக் கதை திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு வரி: 'கதாநாயகன் மீது அனுதாபமே ஏற்படவில்லை.' ஜெயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள். அன்றைக்குத்தான் அவள் பழையபடி சிரித்தாள். அன்றிலிருந்து மறுபடி கதை கேட்கவும் உட்கார்ந்தாள்.

போன வருஷம் எங்கள் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கன்னட டீச்சர் வேண்டுமென்று போர்டு வைத்திருந்தார்கள். ஜெயா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, காகிதம் மட்டும் கேட்டாள். மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். அடித்தாள். கசக்கினாள். மறுபடி எழுதினாள். நாலு தடவை! நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். இருபது வருஷ ஆபீஸ் கை, அரிக்காதா?

"கொடேன், ஒரு தடவை பார்த்துத் திருத்தித் தர்றேன்" என்றேன்.

பேனாவை அவளே மூடினாள். "நீங்க எனக்காக எழுதினது ஒண்ணு போதும்."

அதற்கு மேல் அதில் வெட்ட ஒரு சொல்லும் இல்லை, சேர்க்கவும் ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

வேலை கிடைத்ததா என்கிறீர்களா? எனக்கு இன்று லீவு. ஸ்கூல் விட்டு அவள் வர இன்னும் அரை மணி இருக்கிறது. குக்கரில் இப்போது மூன்றாவது விசில்... இருங்கள், அணைத்துவிட்டு வருகிறேன்.